சனிக்கிழமைக்கு யாரும் கூப்பிடவில்லை

முதல் இரண்டு வாரம் அவள் ஈ ஓட்டினாள். ஓட்டினாள் என்பதுகூடப் பெரிய வார்த்தை. பல்கலைக்கழக நூலகத்தின் கீழ்த்தளத்தில், ஜன்னலே இல்லாத மூன்றாம் எண் அறைக்குள் ஓர் ஈ எப்படி வரும்? ஒரு வெள்ளைப் பலகை, எட்டு நாற்காலி, வந்தவர்கள் கையெழுத்துப் போட ஒரு தாள், அவ்வளவுதான் சொத்து. செவ்வாயும் வியாழனும் மாலை நான்கு மணிக்கு வந்து விளக்கைப் போடுவாள், தாளை மேஜைமேல் வைப்பாள், கதவை அகலத் திறந்து வைப்பாள். ஐந்து மணிக்கு வெற்றுத் தாளை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு விளக்கை அணைப்பாள்.

வேலை இன்னதென்று முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் முழிக்க வேண்டாம். முதல் வருஷத்தில் புள்ளியியல் என்று ஒரு பாடம். மூன்றில் ஒருத்தர் அதில் கண்டிப்பாக மண்ணைக் கவ்வுவார். அதனால் அந்தப் பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கிய மூத்த மாணவர்கள் சிலரைப் பொறுக்கியெடுத்து, இரண்டு நாள் பயிற்சி கொடுத்து, வாரம் இரண்டு தடவை குழுப் படிப்பு நடத்தச் சொல்வார்கள். நடத்துகிறவர் வாத்தியார் இல்லை. பாடம் எடுக்கக் கூடாது. விடை சொல்லவே கூடாது. யாராவது கேள்வி கேட்டால் அதைக் குழுவிடமே திருப்பிவிட வேண்டும். திருப்பிவிட்டு மனசுக்குள் பத்து எண்ண வேண்டும்; பத்து முடிவதற்குள் வாயைத் திறந்தால் தப்பு. பலகையில் எழுதும் பேனா வந்தவர்கள் கையில்தான் இருக்க வேண்டும்.

பயிற்சியில் ஒருங்கிணைப்பாளர் அம்மா ஒன்று சொன்னார். அவர் கழுத்தில் எப்போதும் இரண்டு மூக்குக்கண்ணாடி தொங்கும், இரண்டையும் தேடிக்கொண்டே இருப்பார். "முதல்ல எல்லாரும் உங்களத்தான் பாப்பாங்க. ஒரு மாசம் போனா ஒருத்தர ஒருத்தர் பாத்துப் பேச ஆரம்பிப்பாங்க. உங்கள மறந்தே போயிடுவாங்க. அன்னிக்கு நீங்க ஜெயிச்சிட்டீங்கன்னு வெச்சுக்கங்க." எல்லோரும் தலையாட்டிக் குறித்துக்கொண்டார்கள். அவளும் குறித்துக்கொண்டாள். எழுதுவதில் என்ன கஷ்டம்?

கஷ்டம் பிறகு வந்தது. ஏனென்றால் யாராவது தன்னைப் பார்க்க வேண்டும், நாலு வார்த்தை பேச வேண்டும் என்பதற்காகத்தான் அவள் இந்த வேலைக்கே வந்தாள். விண்ணப்பத்தில் இதை எழுத முடியுமா? தலைமைப் பண்பை வளர்த்துக்கொள்ள என்று எழுதினாள். எல்லோரும் எழுதுகிற பொய்தான். அவளுக்கு இருந்தது ஒரே ஒரு தோழி. முதல் வருஷத்தில் இருவரும் சேர்ந்துதான் புள்ளியியலைக் கரைத்துக் குடித்தார்கள். இரண்டாம் வருஷ முடிவில் அந்தத் தோழி வேறு ஊர்ப் பல்கலைக்கழகத்துக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டாள். வகுப்பில் மற்றவர்கள் எல்லாம் ஏற்கனவே கூட்டுச் சேர்ந்து இறுகிப்போனவர்கள். மூன்றாம் வருஷத்தில் போய், என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று யாரிடம் கேட்பது?

ஒரு வாரம் கணக்குப் பார்த்தாள். வியாழன் மாலையிலிருந்து செவ்வாய் மாலை வரை அவள் வாயிலிருந்து வந்த மொத்தப் பேச்சு: கடையில் "பை வேணாம், இருக்கு". பேருந்தில் "கொஞ்சம் வழி விடுங்க". அப்புறம் அம்மாவோடு ஃபோன். அம்மா ஒரு மருத்துவமனையின் சலவைப் பிரிவில் வேலை பார்ப்பவர். துணி துவைக்கும் இயந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவே நின்று பேசுவதால் எதையும் கத்தித்தான் கேட்பார்.

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேம்மா."

"யார்கூட?"

"பசங்ககூடத்தான்."

"அப்ப சரி."

எந்தப் பசங்க? ஒருத்தரும் கிடையாது. வாடகை அறையில் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டாள். ஆனாலும் அந்த 'அப்ப சரி'யில் அம்மாவுக்குக் கிடைக்கும் நிம்மதியைக் கெடுக்க மனசு வரவில்லை.

மூன்றாம் வாரம், வகுப்பில் வைத்த முதல் தேர்வில் எல்லோருக்கும் நல்ல சாத்து விழுந்தபின், ஐந்து பேர் வந்தார்கள்.

முதலில் ஒரு நெட்டைப் பையன். கதவு நிலைகளுக்குக் குனிந்தே பழகியவன், குனியத் தேவையில்லாத இந்தக் கதவுக்கும் குனிந்தான். அவன் பின்னால் இரண்டு பெண்கள், அக்கா தங்கை முறை, ஒருத்தி பெரியம்மா மகள், இன்னொருத்தி சித்தி மகள். பெரியவள் பாதி சொன்னால் சின்னவள் மீதியை முடிப்பாள். முடித்ததும் இருவருக்கும் சண்டை வரும். அடுத்தது கண்ணாடி போட்ட ஒரு பையன். கையெழுத்துப் போட்டான், மூலையில் உட்கார்ந்தான், தனக்குப் பேச வரும் என்பதற்கு எந்த அத்தாட்சியும் கொடுக்கவில்லை. கடைசியாக, நகரப் பேருந்து ஓட்டும் ஓர் அக்கா, சீருடைச் சட்டையோடு. வயது முப்பத்தெட்டு.

டிரைவர் அக்கா உட்காரும் முன்பே சொல்லிவிட்டார். "இது எனக்கு மூணாவது தடவ. இதுலயும் போச்சுன்னா படிப்பையே நிறுத்திடுவாங்க. என் முதுகு போயிடுச்சு, இன்னும் ரொம்ப வருஷம் ஸ்டியரிங் பிடிக்க முடியாது. இந்தப் பட்டம் இருந்தாத்தான் டிப்போ ஆபீஸ்ல ஒரு நாற்காலி கிடைக்கும். அதனால யாரும் என்கிட்ட அரட்டை அடிக்காதீங்க." சொல்லிவிட்டு அந்த ஒரு மணி நேரத்தில் அதிகமாக அரட்டை அடித்தவர் அவர்தான்.

அவள் விதியைக் காப்பாற்றினாள். "சராசரிக்கும் இடைநிலைக்கும் என்னக்கா வித்தியாசம்?" என்று நெட்டை கேட்டால், "யாருக்காவது தெரியுமா?" என்று அறைக்கே திருப்பினாள். பிறகு எண்ணினாள். ஆறு, ஏழு வரும்போது பல் பிடுங்குகிற மாதிரி இருக்கும். எட்டில் யாராவது பொறுக்கமாட்டாமல் பேசிவிடுவார்கள். அவள் உதடு அசைவதைப் பார்த்து விஷயத்தைக் கண்டுபிடித்தவள் சின்னவள்.

"அக்கா மனசுக்குள்ள பத்து எண்றாங்கடி."

அன்றிலிருந்து அவள் பெயர் பத்து அக்கா. டிரைவர் அக்காவுக்கு மட்டும் வெறும் பத்து. பெயர் வைத்துவிட்டார்கள் என்றால் நம்மைக் கூட வைத்துக்கொள்வார்கள் என்றுதானே அர்த்தம்? அன்று வீட்டுக்குப் போகிற பேருந்தில் பத்துவுக்குத் தலைகால் புரியவில்லை. இறங்க வேண்டிய நிறுத்தத்தைக் கோட்டை விட்டுவிட்டு, அடுத்ததில் இறங்கி நடந்தாள்.

குழு நன்றாகவே சூடுபிடித்தது. இடைநிலையை நெட்டைக்குப் புரியவைத்தது டிரைவர் அக்காதான். "மாசத்துல ஒரு நாள் வண்டி ரெண்டு மணி நேரம் லேட்டு. மத்த நாளெல்லாம் அஞ்சு நிமிஷம்தான். சராசரி எடுத்தா நான் தினமும் லேட்டா ஓட்டுன மாதிரி காட்டும். வரிசையா நிக்கவெச்சு நடுவுல இருக்கறத எடுத்துப் பாரு, அப்பத்தான் நியாயம் தெரியும்." நெட்டை வாயைப் பிளந்தான். பெரியவள் எழுந்து பலகையில் வரைந்தாள், சின்னவள் அழித்துத் திருத்தினாள், அடிதடி நடந்தது. மூலையில் இருந்த கண்ணாடி ஒரு தடவை தொண்டையைச் செருமினான். பேசப் போகிறான் என்று எல்லோரும் திரும்பியதும் பயந்துபோய்த் தண்ணீர் குடித்தான்.

ஆறாம் வாரத்தில் ஒருவரும் பத்துவைப் பார்ப்பதில்லை. அவள் கேள்வியைப் போடுவாள், ஐந்து தலையும் ஒன்றையொன்று பார்த்துத் திரும்பிக்கொள்ளும். ஒருங்கிணைப்பாளர் அம்மா சொன்ன வெற்றி சொன்னபடியே வந்துவிட்டது. அவள் எழுந்துபோய்க் கைகழுவிவிட்டு வந்தால்கூடக் கேட்க ஆளில்லை. ஒரு நாள் வேண்டுமென்றே போய் ஏழு நிமிஷம் கழித்து வந்தாள். யாருக்கும் தெரியவில்லை. வயிற்றெரிச்சல் என்று சொன்னால் சின்ன வார்த்தையாகப் போய்விடும், ஆனால் அதுதான்.

அந்த வியாழக்கிழமை பலகை முன்னால் நின்ற பெரியவள், "சனிக்கிழமை டிப்போல போட்டோமே, அதே மாதிரிதாண்டா," என்றாள்.

நெட்டை தன் காலணியைப் பார்த்தான்.

"என்ன சனிக்கிழமை?" என்றாள் பத்து. எவ்வளவு சாதாரணமாகக் கேட்க முடியுமோ அவ்வளவு சாதாரணமாக.

"அது ஒண்ணுமில்லக்கா," என்றாள் சின்னவள். "டிரைவர் அக்கா டிப்போல ஓய்வெடுக்கற ரூம் சும்மாதான் கிடக்கு. சனிக்கிழமை காலைல அங்க உக்காந்து..."

"...கொஞ்சம் படிப்போம், கொஞ்சம் கத பேசுவோம், சாப்பிடுவோம்," என்று பெரியவள் முடித்தாள். முடித்தபின் முடித்திருக்க வேண்டாமோ என்று முழித்தாள்.

"மூணு வாரமா," என்றது மூலையிலிருந்து ஒரு குரல். கண்ணாடி. அவன் முதன்முதலாக வாயைத் திறந்தது இதற்குத்தானா என்று இருந்தது.

"நீங்க பிஸியா இருப்பீங்கன்னுதான்க்கா சொல்லல," என்றான் நெட்டை.

"ஆமா. சனிக்கிழமை எனக்கு நிறைய வேல," என்றாள் பத்து. என்ன வேலை? நாலு சட்டையைத் துவைத்துக் கொடியில் போடுவது. பன்னிரண்டு மணிக்குக் காய்ந்துவிடும். அதற்கப்புறம் ஞாயிறு முடிய ஒன்றுமில்லை. அந்த ஐந்து பேரும் கெட்டவர்கள் இல்லை, ஒளித்துவைக்கவும் இல்லை. அவள் நினைவு வரவில்லை, அவ்வளவுதான். அழ வேண்டும் போல இருந்தது. அழாமல் கையெழுத்துத் தாளை மடித்தாள்.

இதற்கப்புறம் அவள் செய்ததை நான் தாங்கிப் பேசப் போவதில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை நெட்டை கேள்வி கேட்டதும் பத்து எண்ணவில்லை. எழுந்தாள், பெரியவள் கையிலிருந்து பேனாவை வாங்கினாள், பலகையில் முழு விடையையும் வரிசையாக எழுதினாள். அழகான கையெழுத்து, அடிக்கோடு வேறு. ஐந்து தலையும் அவள் பக்கம் திரும்பியது. ஆஹா, அந்தச் சுகம்! வியாழக்கிழமை தாளாகவே அச்சடித்துக்கொண்டு வந்தாள். பாடத்தில் மொத்தம் ஏழு வகைக் கணக்கு. ஒவ்வொரு வகைக்கும் ஒரு தலைப்பு, தலைப்புக்குக் கீழே முதலில் இதைச் செய், அடுத்து இதைச் செய், இங்கே விடையை எழுது. கண்ணை மூடிக்கொண்டு போடலாம்.

செய்தி பரவாமல் இருக்குமா? எட்டாம் வாரம் பதினொரு பேர். ஒன்பதாம் வாரம் பத்தொன்பது. பக்கத்து அறையிலிருந்து நாற்காலி தூக்கி வந்தார்கள். "அக்கா, இங்க பாருங்கக்கா." "அக்கா, இதுக்கு எந்தத் தாள்?" யாரும் யாரோடும் பேசவில்லை, எல்லோரும் அவளோடு பேசினார்கள். கையெழுத்துத் தாளைப் பார்த்த ஒருங்கிணைப்பாளர் அம்மா ஒரு கண்ணாடியைக் கழற்றி இன்னொன்றை மாட்டி, "பத்தொன்பதா? எப்படிம்மா பண்றே?" என்று முதுகில் தட்டினார். பத்து சிரித்து மழுப்பினாள்.

"சனிக்கிழமை டிப்போ எப்படிப் போகுது?" என்று ஒரு நாள் நெட்டையிடம் கேட்டாள்.

"அது நின்னுபோச்சுக்கா. அதான் நீங்களே எல்லாத்தையும் குடுத்துடறீங்களே, இனி எதுக்கு?"

அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அதுதான் அசிங்கம். தப்பு என்று தெரிந்தே சந்தோஷப்பட்டாள், அன்று அம்மாவிடம் "பசங்க விடவே மாட்டேங்கறாங்கம்மா" என்று சொன்னபோது முதல் தடவையாக அது பொய்யாகவும் இல்லை.

பத்தாம் வாரம் இடைத்தேர்வு. கேள்வித்தாளில் ஏழு வகைக் கணக்கும் இருந்தது. தலைப்புதான் இல்லை. ஒரு தொழிற்சாலை, ஒரு மருந்து, ஒரு வாக்கெடுப்பு என்று கதையாக எழுதி, எந்த முறையைப் போடுவது என்பதை நீங்களே முடிவு செய்து காரணம் எழுதுங்கள் என்று போட்டிருந்தார்கள். அந்த முடிவைத்தான் பழைய நாட்களில் பலகை முன்னால் அடித்துக்கொண்டு எடுப்பார்கள். இப்போது எல்லோருக்கும் ஏழு சமையலும் தெரியும், எதிரே கிடப்பது என்ன காய் என்று தெரியாது.

அடுத்த செவ்வாய்க்கிழமை பத்தொன்பது பேரில் ஐந்து பேர்தான் வந்தார்கள். அதே ஐந்து. நெட்டை முப்பத்தெட்டு. அக்கா தங்கை இருவரும் நாற்பதைத் தொடவில்லை. கண்ணாடி சொல்லவில்லை. டிரைவர் அக்கா முப்பத்தொன்று.

"உங்க தப்பு இல்லக்கா," என்றான் நெட்டை. "கேள்வியே கோணலா கேட்டுட்டாங்க."

"இறுதித் தேர்வுக்கு இன்னும் பெரிய தாளா போட்டுக் குடுங்கக்கா," என்றாள் சின்னவள். "எல்லா மாதிரியும் வர்ற மாதிரி."

பாருங்கள், தப்பித்துக்கொள்ள எவ்வளவு அகலமான வழி! தலையாட்டினால் போதும். மூன்று வாரத்துக்குப் பெரிய பெரிய தாளாகக் கொடுக்கலாம், எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பத்து தலையாட்டப் பார்த்தாள். எதிரே டிரைவர் அக்கா ஒரு பேருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

"இடைத்தேர்வு நாப்பது பங்கு, இறுதி அறுபது பங்கு," என்றார் தலை நிமிராமல். "அம்பது வேணும்னா நான் இறுதியில அறுவத்திமூணு வாங்கணும். இந்த ரெண்டு வருஷத்துல நாப்பத்தஞ்சத் தாண்டுனதில்ல." பிறகு நிமிர்ந்தார். "ஒண்ணு கேக்கணும் பத்து. முதல் மாசம் நீ வாயே திறக்க மாட்டே. எங்களையே பேசவெச்சே. எனக்குத் தலை வலிக்கும், ஆனா வீட்டுக்குப் போனா எல்லாம் ஞாபகம் இருக்கும். திடீர்னு எல்லாத்தையும் நீயே சொல்ல ஆரம்பிச்சுட்டே. ஏன் மாத்துனே?"

எண்ணாமலே பத்து வினாடி போயிருக்கும்.

"சனிக்கிழமைக்கு நீங்க யாரும் என்னக் கூப்பிடல," என்றாள். "நீங்க ஒருத்தர ஒருத்தர் பாத்துப் பேசினீங்க. நான் ஒருத்தி இருக்கறதே தெரியல. விடை சொன்னா என்னப் பாக்கறீங்க. அதான்." கையெழுத்துத் தாளை நாலாக மடித்தாள். "எனக்குப் பேச இங்க யாரும் இல்லக்கா."

சின்னவள் வாயில் கைவைத்துக்கொண்டாள். நெட்டைக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. டிரைவர் அக்கா மட்டும் பார்வையை எடுக்கவில்லை.

"காலைல நாலு மணிக்கு எழுந்து வண்டி எடுக்கறேன்," என்றார். "மூணரைக்கு வண்டிய விட்டு இறங்கினதும் சாப்பிடாம இங்க ஓடி வர்றேன். உனக்குப் பேச ஆள் இல்லன்னா, ஆள் இல்லன்னு சொல்லணும். என் பரீட்சைலயா கைவெப்பே?"

"தப்புதான்க்கா."

"தப்புதான்." அவர் குரல் ஏறவே இல்லை, அதனால் இன்னும் மோசமாக இருந்தது. "இப்ப என்ன பண்றது, அதச் சொல்லு."

பத்து அன்று இரவெல்லாம் யோசித்து வந்து சொன்னாள் என்று எழுதினால் நன்றாக இருக்கும். அப்படி இல்லை, அங்கேயே சொன்னாள். இந்த அறையில் தான் இருந்தால் அவர்கள் தன் வாயைத்தான் பார்ப்பார்கள். அப்படிப் பழக்கியது அவளேதான். இனிக் கேள்வியைத் திருப்பிவிட்டாலும், இவளுக்குத் தெரியும், கொஞ்சம் பொறுத்தால் சொல்லிவிடுவாள் என்று காத்திருப்பார்கள். அதனால் அவள் இருக்கக் கூடாது.

"வியாழக்கிழமைலேர்ந்து கேள்வி மட்டும் கொண்டுவர்றேன். தலைப்பு இருக்காது. குடுத்துட்டு வெளிய போய் உக்காந்துக்கறேன்."

"வெளியன்னா?" என்றான் நெட்டை.

"கதவுக்கு வெளிய."

அப்படித்தான் நடந்தது. நூலகக் கீழ்த்தளத்து நடைவழியில், தண்ணீர் இயந்திரத்துக்கும் மின்தூக்கிக்கும் நடுவில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, பருவம் முடியும் வரை மூன்று வாரம் பத்து உட்கார்ந்திருந்தாள். முதல் நாள் உள்ளே சத்தமே இல்லை. கால் மணி நேரம் கழித்து நெட்டை தாளோடு வெளியே வந்தான்.

"அக்கா, இது மூணாவது வகையா, அஞ்சாவதா? ஒரே ஒரு வார்த்த சொல்லுங்க போதும்."

நாக்கு நுனியில் விடை நின்றது. ஒரே வார்த்தைதான். சொன்னால் அவன் சிரிப்பான், நன்றி சொல்வான், இரண்டு நிமிஷம் நின்று பேசினாலும் பேசுவான்.

"டிரைவர் அக்காகிட்டக் கேளு."

"அவங்களுக்கும் தெரியலக்கா."

"அப்ப ரெண்டு பேரும் சேந்து கண்ணாடியக் கேளுங்க."

அவன் முகம் தொங்கிப்போய் உள்ளே போனான், கதவு சாத்திக்கொண்டது. தரை துடைக்கும் அம்மா வாளியோடு அந்த வழியாக வந்தவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏம்மா, தப்பு பண்ணிட்டியா? வெளிய நிறுத்திட்டாங்களா?"

"நானாத்தான் வந்தேம்மா."

"நல்ல கூத்து," என்றார் அவர். "கால கொஞ்சம் தூக்கு, துடைக்கணும்."

இரண்டாம் வாரத்தில் உள்ளே குரல்கள் கேட்க ஆரம்பித்தன. பெரியவளும் சின்னவளும் சண்டை போட்டார்கள். நாற்காலி இழுபட்டது. திடீரென்று ஓர் ஆண் குரல், "இல்ல, இல்ல, இல்ல! ஒரே ஆள ரெண்டு தடவ அளந்திருக்காங்க, பாருங்க, அதனால இது வேற!" என்று கத்தியது. நெட்டையின் குரல் இல்லை. பத்து நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். கண்ணாடி! அந்தப் பையனா இப்படிக் கத்துகிறான்? உள்ளே போய் அவன் முகத்தைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. பார்க்கப் போனால் அவன் மறுபடி தண்ணீர் குடித்துவிடுவான் என்று உட்கார்ந்துகொண்டாள். உள்ளே எல்லோரும் சிரித்தார்கள். என்ன சொல்லிச் சிரித்தார்கள் என்று கேட்கவில்லை.

ஒருங்கிணைப்பாளர் அம்மா ஒரு நாள் பார்க்க வந்து, நடைவழியில் உட்கார்ந்திருப்பவளைக் கண்டு நின்றுவிட்டார். பத்து எதையும் மறைக்கவில்லை, விடைகளை அச்சடித்துக் கொடுத்த விஷயத்தையும் சேர்த்துச் சொல்லிவிட்டாள். அவர் ஒரு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அடுத்த வருஷம் உன்னை எடுக்க முடியாதும்மா," என்றார். "தெரியும்மா," என்றாள். "இந்தப் பருவத்த முடிச்சுடு," என்று சொல்லிவிட்டுக் கதவின் கண்ணாடி வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார்.

சனிக்கிழமை டிப்போ மறுபடி தொடங்கிவிட்டது என்பதைக் கதவு வழியாகத்தான் கேட்டாள். இந்தத் தடவை அவளுக்கு அந்தப் பழைய எரிச்சல் வரவில்லை. வலித்தது, அவ்வளவுதான். பரீட்சை முடியட்டும், அப்புறம் நானே போய், ஒரு சனிக்கிழமை நானும் வரட்டுமா என்று வாய்விட்டுக் கேட்டுவிட வேண்டும் என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடி முடிவு செய்தாள். எப்படிக் கேட்பது என்று மூன்று நாலு விதமாகச் சொல்லிப் பார்த்தும் வைத்தாள்.

தேர்வு முடிவு வந்த அன்று மத்தியானம் துறை அலுவலக வாசலில் கூட்டம். முடிவு ஃபோனிலேயே வந்துவிடும். ஆனால் காகிதத்தில் ஒட்டியதை விரலை வைத்துப் பார்த்தால்தான் நம்புவேன் என்று டிரைவர் அக்கா சீருடையோடு வந்து நின்றார். விரல் வரிசையில் இறங்கியது, நின்றது. இறுதித் தேர்வில் அறுபத்தாறு. மொத்தம் ஐம்பத்திரண்டு.

அந்த அக்கா அழுவார் என்று யார் நினைத்தார்கள்? சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். பெரியவள் ஒரு பக்கம் பிடித்தாள், சின்னவள் ஒரு பக்கம், நெட்டை மேலே இருந்து மூவரையும் அணைத்துக்கொண்டான். ஐந்து பேரும் தேறியிருந்தார்கள். கண்ணாடிதான் அதிகம், எழுபத்தொன்று. "இவனா!" என்று நெட்டை அவனைத் தூக்கியே விட்டான்.

பத்து நாலடி தள்ளி நின்றாள். அவர்கள் மனசு நிறைந்து நிற்கும்போது குறுக்கே போகவும் முடியவில்லை, விட்டுப் போகவும் மனசு கேட்கவில்லை. டிரைவர் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பியபோது அவளைப் பார்த்தார்.

"உன்மேல கோவம் இன்னும் இருக்கு," என்றார்.

"இருக்கட்டும்க்கா."

"ஆனா அம்பத்திரண்டும் இருக்கு." மூக்கை உறிஞ்சினார். "வெளிய போய் உக்காந்தே, பாரு. அது நல்ல வேல."

இப்போது கேட்டுவிட வேண்டும் என்று பத்து வாயைத் திறந்தாள். அதற்குள் நெட்டை, "அப்ப இனி சனிக்கிழமை டிப்போ கிடையாது இல்லக்கா? ஒரு மாதிரி இருக்குல்ல," என்றான். அடுத்த பருவம் அவன் வேறு துறை, அக்கா தங்கை ஊருக்குப் போகிறார்கள், டிரைவர் அக்காவுக்குச் சனிக்கிழமையும் வண்டி போட்டுவிட்டார்கள். ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டார்கள். பத்து திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

"போட்டோ எடுத்துக்கலாம்," என்றாள் சின்னவள். "பத்து அக்கா, நீங்க ஒண்ணு எடுத்துக் குடுங்களேன்."

டிரைவர் அக்காவின் ஃபோனை அவள் கையில் கொடுத்தார்கள். ஐந்து பேரும் பட்டியலுக்கு முன்னால் நின்றார்கள். நெட்டையின் தலை வெட்டுப்பட்டது. பத்து இரண்டடி பின்னால் போனாள்.

"இன்னும் கொஞ்சம் நெருங்கி நில்லுங்க," என்றாள். "சிரிங்க."

எடுத்தாள். சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்தாள். ஃபோனைத் திருப்பிக் கொடுக்கும்போது, கை கொடுத்துவிட்டது, வாய் மட்டும் நிற்கவில்லை.

"எனக்கும் ஒண்ணு அனுப்புங்கக்கா."

"நீ இதுல இல்லையேம்மா."

"பரவால்ல."

டிரைவர் அக்கா அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நம்பர் சொல்லு," என்றார். நான்கு மாதமாக அந்த ஐந்து பேரில் ஒருவரிடமும் அவள் எண் இல்லை. ஒவ்வோர் எண்ணாக நிதானமாகச் சொன்னாள்.

பல்கலைக்கழக வாசலைத் தாண்டுவதற்குள் படம் வந்துவிட்டது. பத்து நடைபாதையில் ஓரமாக நின்று திறந்தாள். வெயிலுக்குக் கையைக் குடையாகப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். நெட்டை குனிந்திருந்தான். டிரைவர் அக்காவின் கண் சிவந்திருந்தது. ஐந்து பேரும் நேராக அவளையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.